சிற்றூர்க் கிளை நூலகத்தில் எல்லா வயதினருக்கும் வாசிப்பு நிகழ்ச்சிகள்: எங்கிருந்து தொடங்குவது?

கரிசல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டப் பேரூராட்சி ஒன்றின் கிளை நூலகத்தில் வாசகர் வட்டச் செயலாளராகப் போன மாதம் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் வேறு எவரும் முன்வராததே அதற்குக் காரணம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். நூலகப் பணியில் பயிற்சி ஏதும் இல்லாதவன். ஆகவே அனுபவம் உள்ளவர்களின் யோசனையை நாடி எழுதுகிறேன்.

எங்கள் நூலகம் ஒரே ஒரு கூடம். வாசலை ஒட்டி நாளிதழ் மேசை. காலையில் என் வயதை ஒத்தவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே தவறாமல் வந்து அமர்வார்கள். நடுவில் உள்ள மூன்று மேசைகளிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் சொந்தப் புத்தகங்களோடு நூலகம் மூடும்வரை இருக்கிறார்கள். சுவரோர இரும்பு அலமாரிகளில் நாவல்களும் வாழ்க்கை வரலாறுகளும் பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகளும் தூசியோடு நிற்கின்றன. குழந்தைகளுக்கான நூல்கள் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கின்றன. கிழித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் எப்போதோ பூட்டியது. சாவி நூலகரிடம்தான் இருக்கிறது என்றாலும், அதைக் கேட்டு வாங்கும் துணிவு எந்தக் குழந்தைக்கும் இதுவரை வந்ததாகத் தெரியவில்லை.

சென்ற நவம்பரில் தேசிய நூலக வார விழாவுக்கு ஓவியப் போட்டி ஒன்று நடத்தினோம். எண்பது குழந்தைகள் வந்தார்கள். பரிசளிப்பில் ஐந்து பேர் பேசினார்கள், ஆறு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, புகைப்படம் நாளிதழிலும் வந்தது. அடுத்த வாரம் அந்த எண்பது பேரில் ஒருவர்கூட நூலகத்திற்குள் கால் வைக்கவில்லை.

குழந்தைகள், இளைஞர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள், முதியவர்கள் என நான்கு தரப்பினருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே கூடத்தில் குழந்தைகளுக்குக் கதை சொன்னால் தேர்வுக்குப் படிப்பவர்களின் அமைதி கெடாதா? நூலகத்தின் பக்கமே வராதவர்களை எப்படி அழைத்து வருவது? நாங்கள் செய்வது பயன் தருகிறதா என்பதை எதை வைத்து அறிவது? கணக்கு எழுதிப் பழகியவன் என்பதால் இந்த மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஐயா, வணக்கம். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன்; ஊர்ப்புற நூலகத்தில் தொடங்கி மாவட்ட மைய நூலகத்தில் முடித்தேன். நீங்கள் எழுதியதில் நிகழ்ச்சிகளைவிட அந்தப் பூட்டிய பீரோதான் என் கண்ணில் பட்டது. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை எங்களுக்குப் பயிற்சியில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பணிக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்கள். நூல் காணாமற்போனால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலையில் பூட்டு வந்துவிடுகிறது. அதற்காக உங்கள் நூலகரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிழிந்த படக்கதைப் புத்தகம் நூலகத்தின் நல்ல பெயருக்குச் சான்று. இருப்புச் சரிபார்ப்பின்போது சிதைந்த நூல்களைப் பட்டியலிட்டு நீக்குவதற்கு முறை இருக்கிறது. வாசகர் வட்டத்தின் சார்பில், குழந்தைகள் நூல்களைத் திறந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்று எழுத்துமூலம் தீர்மானம் போட்டுக் கொடுங்கள். அந்தத் தீர்மானம் நூலகருக்குப் பாதுகாப்பாக இருக்கும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நூலகத்தில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று வருகைப் பதிவேடு. மற்றொன்று நூல் வழங்கல் பதிவேடு. விழாக்களால் கூடுவது முதலாவது மட்டும். எண்பது குழந்தைகள் வந்த அன்று எத்தனை நூல்கள் வீட்டுக்குப் போயின என்று வழங்கல் பதிவேட்டைப் பார்த்தால் உங்களுக்கே விடை கிடைத்துவிடும். நான் பணியில் இருந்தபோது ஆண்டு அறிக்கைக்காக வருகை எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதில் நாங்கள் எல்லோரும் வல்லவர்களாக இருந்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆகவே எந்த நிகழ்ச்சியை நடத்தினாலும், அது முடிந்த கையோடு வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு நூலோடு வெளியே போகும்படி அமையுங்கள். அதற்கு முன்பே உறுப்பினர் சேர்க்கைப் படிவங்களை மேசையில் வைத்திருக்க வேண்டும். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சில பத்து ரூபாய்தான் என்றாலும், அதைக் கொண்டுவர மறந்த குழந்தை மறுபடி வராது. வாசகர் வட்ட உறுப்பினர்கள் ஆளுக்கு இரண்டு குழந்தைகளின் தொகையை ஏற்றுக்கொண்டால் அந்தத் தடை நீங்கிவிடும்.

இடத்தைப் பங்கிட முடியாத நூலகத்தில் நேரத்தைத்தான் பங்கிட வேண்டும். நம் கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். இதை வகுத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் வகுத்திருக்க வேண்டும். ஞாயிறு காலையில் ஒன்றரை மணி நேரத்தைக் குழந்தைகளுக்கு என்று நிலையாக ஒதுக்கி, அதை வாசலில் எழுதி வையுங்கள். மழை பெய்தாலும் இரண்டே பேர் வந்தாலும் அதை நிறுத்தக் கூடாது. ஒரு வாரம் நடத்தி மறுவாரம் விடுவதைவிடத் தொடங்காமலே இருப்பது நல்லது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகங்கள் சட்டம்தான் விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம். அதன் உயிர்நாடி நூலக வரி. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்திற்காக வசூலாகிறது. உங்கள் பேரூராட்சியில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும், ஒரு முறைகூட நூலகத்திற்குள் வராதவர் உட்பட, ஏற்கெனவே சந்தா கட்டியவர்தான் என்று நான் அடிக்கடி சொல்வேன். அந்த நிதி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடுகிறது. கிளை நூலகரின் கையில் நிகழ்ச்சிச் செலவுக்கென்று ஏதும் இராது. ஆகவே பாய், விரிப்பு, மிட்டாய் போன்ற சில்லறைச் செலவுகளை வாசகர் வட்டம் பார்த்துக்கொள்ளட்டும். பெரிய செலவு என்றால் நூலகத்திற்கு நன்கொடை தரும் புரவலர்களைச் சேருங்கள். கூடத்தின் அமைப்பையோ நேரத்தையோ மாற்றுவதாக இருந்தால் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். கேட்காமல் செய்துவிட்டுப் பிறகு விளக்கம் கொடுப்பது நூலகரைத்தான் சிக்கலில் மாட்டும்.

சிலேட்டுப்பலகை எழுதியது:

நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன ஞாயிற்றுக்கிழமை நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போட்டி எதுவும் வைக்காதீர்கள். ஓவியப் போட்டிக்கு வந்த எண்பது பேரில் எழுபத்தேழு பேர் பரிசில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். நூலகத்தைப் பற்றி அவர்கள் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அதுதான். கதையை வாசித்து முடித்ததும் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். பள்ளியில் நாங்கள் அதைப் போதுமான அளவு கேட்டுவிடுகிறோம். வாசித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், குழந்தைகளே பேசத் தொடங்குவார்கள்.

கதை சொல்வதும் கதை வாசித்துக் காட்டுவதும் வெவ்வேறு. சொல்லும்போது குழந்தை நம் முகத்தைப் பார்க்கிறது. வாசித்துக் காட்டும்போது புத்தகத்தைப் பார்க்கிறது. இரண்டும் வேண்டும் என்றாலும், நூலகத்தில் நடக்கும்போது இரண்டாவதற்குத்தான் முன்னுரிமை தருவேன். படம் தெரியும்படி புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, நிதானமாக, வரியின்மேல் விரலை ஓட்டியபடி வாசியுங்கள். பதினைந்து குழந்தைகளுக்கு மேல் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். பின்வரிசைக் குழந்தைக்குப் படம் தெரியாவிட்டால் அது பக்கத்துக் குழந்தையைக் கிள்ளத் தொடங்கிவிடும்.

எந்தக் குழந்தைக்கு எந்த நூல் என்பதை வகுப்பை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நம் அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் வாசிப்பு இயக்கத்தில் நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் இருந்துகொண்டு 'நுழை'யில் நிற்கும் பிள்ளையும் உண்டு. மூன்றாம் வகுப்பிலேயே 'ஓடு'வைத் தொட்டுவிட்ட பிள்ளையும் உண்டு. அந்த நூல்கள் ஒவ்வொன்றும் சில பக்கங்களே கொண்டவை. ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்து முடித்துவிட்டேன் என்று ஒரு குழந்தை முதன்முறை சொல்லும்போது அதன் முகம் மாறுவதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் நூலக அலமாரியிலும் அதே முறையில் வண்ணத்தாள் ஒட்டி வைத்தால், பள்ளியில் பழகிய பிள்ளைகள் தாமாகவே எடுத்துக்கொள்வார்கள். தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளியிலுள்ள தொகுப்பை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

சிறுவர் நூல்கள் போதவில்லை என்றால் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக உள்ளன. 2015 முதல் இயங்கும் அத்தளத்தின் கதைகளைத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளத் தனி அனுமதி வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பில் சில கதைகள் கரடுமுரடாக இருக்கும், வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. குழந்தையோடு வரும் அம்மாவோ பாட்டியோ அந்த ஒன்றரை மணி நேரம் வாசற்படியில் காத்திருப்பார்கள். அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தால் உங்கள் நான்கு தரப்பில் மூன்றாவது தரப்பு வந்துவிட்டது.

தேர்வுக்காலம் எழுதியது:

நான் உங்கள் நடுமேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வேறாக இருக்கலாம், மேசை ஒன்றுதான். மூன்றாண்டுகளாகக் குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறேன். இந்த உரையாடலில் எங்களை ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர்களைப் போலப் பேசுவது சற்று வருத்தமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே அறை, தொலைக்காட்சி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், தம்பிக்கு இரவு வேலை என்பதால் பகலில் உறக்கம். நூலகம் இல்லாவிட்டால் என் படிப்பு அன்றே நின்றிருக்கும். நாங்கள் நூல் எடுக்காததால் வழங்கல் பதிவேட்டில் எங்கள் பெயர் இராது. ஆனால் அந்த நாற்காலியும் மின்விசிறியும் கழிப்பறையும்கூட நூலகம் தரும் சேவைதானே? சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். வழங்கிய நூல்களின் எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாக்கினால் எங்களைப் போன்றவர்கள் கணக்கிலேயே வராமல் போய்விடுவோம்.

இதைச் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் எங்களுக்குப் பெரிய இழப்பில்லை என்பதையும் சொல்கிறேன். முன்கூட்டியே தெரிந்தால் அன்று மாதிரித் தேர்வை வீட்டில் எழுதிக்கொள்வோம் அல்லது மரத்தடியில் குழுவாகக் கலந்துரையாடுவோம். எரிச்சல் வருவது திடீரென்று ஒலிபெருக்கி வைத்து விழா நடத்தும்போதுதான். எங்களில் இரண்டு பேர் முறை வைத்துக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டவும் ஆயத்தமாக இருப்பார்கள்; பொதுத்தமிழ்ப் பகுதிக்காக நாளெல்லாம் இலக்கணக் குறிப்பு மனப்பாடம் செய்பவர்களுக்கு ஒரு படக்கதையை உரக்க வாசிப்பது நல்ல ஓய்வு. பதிலுக்கு நாங்கள் கேட்பது ஒன்றுதான்: குறிப்புதவிப் பகுதியில் பாடத்திட்டம் மாறுவதற்கு முன் வந்த வழிகாட்டி நூல்கள்தான் இருக்கின்றன. வாசகர் வட்டத்தில் எங்களில் ஒருவரை உறுப்பினராகச் சேர்த்தால், எந்த நூல் வேண்டும் என்று பட்டியல் கொடுப்போம். இதுவரை எங்களை எந்தக் கூட்டத்திற்கும் யாரும் அழைத்ததில்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சகோதரி சொல்வது சரி. வழங்கல் பதிவேடு மட்டும் போதும் என்று நான் எழுதியது நூலகர் புத்தி. மேசையில் கழியும் நேரத்தையும் ஒரு கணக்காக எழுத வேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை தலையெண்ணிக் குறித்து வைத்தாலே போதும். எங்கள் காலத்தில் அப்படி எழுதியிருந்தால், கூடுதல் நாற்காலி கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு ஆதாரம் இருந்திருக்கும்.

மிதிவண்டி எழுதியது:

புதுக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 1991இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு இருபது வயது; மாலை நேர வகுப்பு எடுத்த தொண்டர்களில் நானும் ஒருத்தி. பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதைத்தான் வெளியூரில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கற்றுக்கொண்ட பிறகு அவர்களுக்கு வாசிக்க என்ன கிடைத்தது என்பதை யாரும் கேட்பதில்லை. அப்போது கொட்டை எழுத்தில் சிறு சிறு புத்தகங்கள் வந்தன. கல்லுடைக்கும் இடத்திலும் களத்துமேட்டிலும் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். இயக்கம் ஓய்ந்தபின் அந்தப் புத்தகங்களும் நின்றுபோயின. அன்று நாற்பது வயதில் எழுத்துக் கற்ற பெண்களுக்கு இன்று எழுபது கடந்துவிட்டது; பலர் கையெழுத்துப் போடுவதோடு நிற்கிறார்கள். பழக்கம் விட்டால் எழுத்து மறந்துபோகும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

நீங்கள் 'வீட்டிலிருக்கும் பெண்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் வீட்டில் சும்மா இருப்பதில்லை. காலையில் நூறு நாள் வேலை அல்லது நடவு, மாலையில் ஆடு மாடு, அடுப்பு. நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர்களால் வரவே முடியாது. அவர்களை நூலகத்திற்கு அழைப்பதைவிட நூலகத்தை அவர்களிடம் கொண்டுபோவதுதான் வழி. இது ஒன்றும் புதிய சிந்தனையல்ல. மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் 1931இலேயே கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார், அதைத் தொடங்கி வைத்தவர் மேலே ஐயா குறிப்பிட்ட ரங்கநாதன்தான். கேரளத்தில் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் புத்தகத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் கிராம நூலகங்களில் இருக்கிறது. நம் மாநிலத்திலும் நூலகத்திற்கு வர இயலாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் வழியாக நூல் கொண்டுசேர்க்கும் நூலக நண்பர்கள் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. உங்கள் நூலகத்தில் அதன்கீழ் யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று நூலகரிடம் கேளுங்கள். பதிவு செய்துவிட்டு ஒரு நடைகூடப் போகாதவர்களும் இருக்கலாம்.

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம்தான் நீங்கள் போக வேண்டிய இடம். வாரம் ஒரு முறை, குறித்த நாளில், குறித்த வீட்டுத் திண்ணையில் பதினைந்து பெண்கள் கூடுகிறார்கள். பணம் எண்ணி முடித்ததும் பத்து நிமிடம் கேளுங்கள். சமையல் குறிப்பும் கோலப் புத்தகமும்தான் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன், மூன்றாம் வாரம் ஒரு பெண் "இதெல்லாம் எங்களுக்கே தெரியும், நிலப் பட்டா மாத்துறதப் பத்தி ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பட்டா, விதவை ஓய்வூதியம், சர்க்கரை நோய் ஆகியவை பற்றிய சிறு நூல்களையும், கூடவே ஒன்றிரண்டு சிறுகதைத் தொகுப்புகளையும் எடுத்துப் போனேன். சிறுகதையை அவர்கள் வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள், நான் வாசிக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு மீதியை அடுத்த வாரம் என்றால், கூட்டத்திற்கு வராத பெண்ணும் அடுத்த வாரம் வந்துவிடுவார்.

மங்கலொளி எழுதியது:

முதியவர்கள் என்றதும் நாளிதழ் மேசைக்கு வரும் ஏழெட்டுப் பேரைத்தான் எண்ணுகிறோம். என் தந்தையார் அப்படி வந்துகொண்டிருந்தவர். கண்ணில் நீர்அழுத்த நோய் வந்து பார்வை மங்கியபின், வருவதை நிறுத்திவிட்டார். அவர் ஏன் வரவில்லை என்று நூலகத்திலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் பதிவேட்டில் கடந்த இரண்டாண்டுகளில் வருவதை நிறுத்திக்கொண்ட முதியவர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள் என்பதே என் முதல் யோசனை.

பெரிய எழுத்தில் அச்சான தமிழ் நூல்கள் மிகக் குறைவு. ஆனால் பிடியுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி இரண்டும், மேசையில் வைக்கும் வெள்ளொளி விளக்கு ஒன்றும் வாங்க அதிகச் செலவாகாது. நாளிதழ் மேசையில் தினமும் அரை மணி நேரம் ஒருவர் செய்திகளை உரக்க வாசிக்கலாம். ஒரு காலத்தில் திராவிட இயக்கப் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் எழுத்தறியாதவர்களுக்காக இப்படித்தான் நாளிதழ் வாசிக்கப்பட்டது. இப்போது பார்வை குறைந்தவர்களுக்காக அதை மீட்டெடுக்கலாம். தலைப்புச் செய்திகளோடு நிறுத்தாமல் மரண அறிவித்தல்களையும் வாசிக்க வேண்டும் என்பது என் தந்தையாரின் வேண்டுகோள்.

சட்டத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டம், அச்சு நூலை வாசிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்காக எந்த நூலையும் ஒலிவடிவிலோ பிரெய்லிலோ இலாப நோக்கின்றி மாற்றிக்கொடுக்க இடமளிக்கிறது. இதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். எல்லோரும் கேட்பதற்கான ஒலிப்பதிவு என்றால் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கைபேசியே எழுத்தைப் படித்துச் சொல்லுமே என்று சிலர் கேட்பார்கள். ஒருங்குறி (யூனிகோடு) எழுத்தில் உள்ள பக்கத்தை அது ஓரளவு நன்றாகவே படிக்கும்; ஆனால் நம் பழைய நூல்கள் பெரும்பாலும் படமாக வருடப்பட்ட கோப்புகளாகவே இணையத்தில் இருக்கின்றன, அவற்றின் முன் அது பல நேரம் தடுமாறுகிறது. நகரத்திற்குப் போகும்போது அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் உள்ள பிரெய்லி பிரிவையும், 2023இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். அவற்றின் பளபளப்பைப் பார்த்து மலைத்துவிடாமல், எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தீவுவாசி எழுதியது:

சிங்கப்பூரில் வாழும் தமிழன் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று. இங்கே தேசிய நூலக வாரியம் 2004 முதல் கிட்ஸ்ரீட் என்ற திட்டத்தை நடத்துகிறது. தன்னார்வலர்கள், வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளுக்குச் சிறு குழுக்களில் வாசித்துக் காட்டுவார்கள். நான் என் பிள்ளைகளோடு தமிழ் வாசிப்பு அமர்வுகளுக்குச் சென்றிருக்கிறேன். கட்டடமும் கணினியும் எவ்வளவு இருந்தாலும், ஒரே முகம் மறுபடி மறுபடி வருகிறதா என்பதைத்தான் குழந்தை கவனிக்கிறது. தன்னார்வலர் மாறிக்கொண்டே இருந்த குழுவில் என் இளைய மகன் மூன்றாம் வாரமே வர மறுத்துவிட்டான். ஆகவே தேர்வு எழுதும் சகோதரிகள் முறை வைத்து வாசிப்பதாக இருந்தால், வாரத்திற்கு ஒருவர் என்று மாற்றாமல் இரண்டு மாதத்திற்கு ஒருவர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கரிசல்வாசி எழுதியது:

இத்தனை பேர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பதிவேடுகளைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும் என்று பத்து நாள் எடுத்துக்கொண்டேன்.

நூலக வார விழா நடந்த நாளில் வழங்கப்பட்ட நூல்கள் நான்கு. நான்கையும் எடுத்தவர்கள் பெரியவர்கள். அதில் ஒருவன் நான். கடந்த ஓராண்டில் குழந்தைகள் நூல் வழங்கப்பட்டதற்கான பதிவு பதினொன்று, அவற்றில் ஒன்பது நூலகரின் பேத்திக்கு! நூலகரிடம் இதைக் காட்டியபோது அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே சாவியை எடுத்து வந்தார். உள்ளே 240 நூல்கள் இருந்தன, பலவற்றில் தவணைத் தேதித் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. தீர்மானம் போட்டுக் கொடுத்துவிட்டோம். சிலேட்டுப்பலகை அம்மா சொன்னபடி வண்ணத்தாள் ஒட்டும் வேலையை நடுமேசைப் பெண்களே செய்தார்கள். அவர்களில் ஒருவர் இப்போது வாசகர் வட்டத் துணைச் செயலாளர். அவர் முதல் கூட்டத்திலேயே பொன்னாடைச் செலவைக் கேள்வி கேட்டதால் மூத்த உறுப்பினர்கள் இருவர் என்னோடு பேசுவதில்லை.

வருவதை நிறுத்திய முதியவர்கள் ஒன்பது பேரின் பெயர்கள் கிடைத்தன. அவர்களில் மூவர் காலமாகிவிட்டனர். மீதி ஆறு பேரின் வீடுகளுக்கும் நேரில் போனேன். இரண்டு பேருக்குக் கண் பார்வை, ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்கு நூலக வாசலில் கைப்பிடி இல்லாத மூன்று படிகள். மற்ற இருவருக்கும் குறிப்பிட்ட காரணம் ஏதுமில்லை, யாராவது கூப்பிடுவார்கள் என்று இருந்திருக்கிறார்கள். கைப்பிடிக்கு இரும்புப் பட்டறைக்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். அதற்கும் மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் போயிருக்கிறது.

முதல் ஞாயிறு பதினாறு குழந்தைகள் வந்தார்கள். பதினான்கு நூல்கள் வீட்டுக்குப் போயின. சுயஉதவிக் குழுவுக்கு இன்னும் போகவில்லை. பட்டா பற்றிய எளிய நூல் எதுவும் எங்கள் அலமாரியில் இல்லை, மிதிவண்டி அம்மா நூலின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பினால் உதவியாக இருக்கும். கடைசியாக ஒரு சிறு ஐயம்: ஒரு குழந்தை எடுத்துப் போன நூலை வீட்டு ஆடு பாதி மென்றுவிட்டது. குழந்தை அழுதுகொண்டே மீதியைக் கொண்டுவந்து கொடுத்தது. நடைமுறைப்படி இதை எப்படி எழுதுவது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

குழந்தையிடம் விலை வாங்க வேண்டாம். அதே நூலின் மாற்றுப்படி கிடைத்தால் வாசகர் வட்டத்தின் சார்பில் வாங்கி வைத்து, பழைய பதிவு எண்ணுக்கு எதிரே மாற்றுப்படி பெறப்பட்டது என்று நூலகரை எழுதச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த இருப்புச் சரிபார்ப்பில் சிதைந்தவற்றோடு சேர்த்து நீக்கிவிடலாம், மென்ற மீதியை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். அந்தக் குழந்தைக்கு இந்த ஞாயிறே வேறொரு நூலைக் கொடுத்தனுப்ப மறந்துவிடாதீர்கள்.